செயின்சா பாரும் செயினும்: சுத்தம் பண்றது, தீட்டுறது, ஆயில் விடுறது – முழுமையான வழிகாட்டி

செயின்சா வாங்கின புதுசுல எல்லாரும் இன்ஜினைத்தான் கவனிப்பாங்க, பெட்ரோல் கலவை சரியா இருக்கா, பிளக் கருத்துப் போச்சா, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கானு. ஆனா முதல்ல வீணாப் போறது பாரும் (செயின் சுத்தி ஓடுற நீளமான இரும்புத் தட்டு) செயினும்தான், அதுவும் ஆயில் டேங்க் நிறைய இருக்கும்போதே வீணாப் போகும். டேங்க்ல ஆயில் இருக்கிறது வேற, அது செயினோட ஒவ்வொரு ரிவிட்டுக்கும் போய்ச் சேர்றது வேற. நடுவுல ஒரு பாதை இருக்கு, அந்தப் பாதையில எங்க வேணா மரத்தூள் அடைச்சுக்கும்.

அதனால இந்த வேலையில வரிசை ரொம்ப முக்கியம். நிறைய பேர் புகை வந்ததும் நேரா ஆயில் ஸ்க்ரூவைத் திருகி அதிகமாக்குவாங்க, அடைப்பு அப்படியே இருக்கும், பிரச்சனையும் அப்படியே இருக்கும். முதல்ல சுத்தம், அப்புறம் பார், அப்புறம் பல்லு, அப்புறம் டென்ஷன் (செயினோட இறுக்கம்), கடைசியாத்தான் ஆயில் சோதனை. கீழ இருக்கிறதும் அந்த வரிசைதான்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

மெஷினை ஆஃப் பண்ணி ஆற விடுங்க. பெட்ரோல் மெஷின்னா பிளக் கேப்பைக் கழட்டி வைங்க, பேட்டரி மெஷின்னா பேட்டரியையே வெளிய எடுத்துடுங்க, கரண்ட்ல ஓடுறதுன்னா ஒயரை உருவிடுங்க. பேட்டரி மெஷின் விஷயத்துல இதை யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல, சத்தமே இல்லாம கிடக்கிற மெஷின்ங்கிறதால பயம் வராது, ஆனா கை தெரியாம ட்ரிக்கர்ல பட்டா செயின் அந்த நொடியே ஓடும்.

கைக்கு தடியான கிளவுஸ் போடுங்க. மழுங்கின செயின்னு நீங்க நினைக்கிற செயின்கூட விரலைக் கிழிக்கும்.

தேவையான சாமான்: மெஷினோட வந்த ஸ்பேனர், ஒரு பழைய பிரஷ், துணி, காடியை, அதாவது செயின் ஓடுற பாரோட பள்ளத்தை, சுரண்ட மெல்லிசா ஏதாவது ஒண்ணு (இதுக்குனே கொக்கி மாதிரி டூல் கிடைக்குது, இல்லன்னா உடைஞ்ச ஹேக்சா பிளேடு போதும்), மெல்லிய கம்பி, தட்டை அரம், உங்க செயினுக்கு ஏத்த உருண்டை அரம், டெப்த் கேஜ் தட்டு, பார் ஆயில்.

இதுல உருண்டை அரம்தான் தப்பா வாங்கப்படுற சாமான். அதை வாங்கறதுக்கு முன்னாடி பாரோட அடிப்பக்கம், அதாவது மெஷின் ஓரமா இருக்கிற பக்கம், பொறிச்சிருக்கிற நம்பரைப் படிங்க. அங்க பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் (செயினோட அடியில காடிக்குள்ள இறங்குற கண்ணி) எண்ணிக்கை மூணும் வழக்கமா இருக்கும். அது அழிஞ்சு போயிருந்தா செயின்ல அடுத்தடுத்து வர்ற மூணு ரிவிட்டோட மொத்த தூரத்தை அளந்து ரெண்டால வகுங்க, அதுதான் பிட்ச். கேஜ்ங்கிறது டிரைவ் லிங்கோட தடிமன், 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ.ல வரும். 1.3 செயினை 1.5 காடியில போட்டா மாட்டிக்கும், ஓடவும் ஓடும், ஆனா ரெண்டு பக்கமும் ஆடிக்கிட்டே போய் பாரையும் சேர்த்து தின்னுடும்.

அரம் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் (செயின் நம்பர் அங்குலத்துல சொல்ற பிட்ச்): 3/8 லோ ப்ரொஃபைல் செயினுக்கு 4.0 மி.மீ., .325 செயினுக்கு 4.8 மி.மீ., முழு 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ., .404க்கு 5.5 மி.மீ. லோ ப்ரொஃபைலும் முழு 3/8ம் பேர்ல ஒண்ணு போல இருந்தாலும் பல்லோட அளவு வேற, இங்கதான் நிறைய பேர் மாத்தி வாங்கிட்டு வர்றாங்க. செயின் டப்பாவுல எழுதியிருந்தா அதுதான் கடைசி வார்த்தை.

2. எந்த ஆயில் ஊத்துறது

பார் ஆயில்னு விக்கிறதையே ஊத்துங்க. காரணம் இருக்கு. முழு த்ராட்டில்ல செயின் நொடிக்கு 20 மீட்டர் வேகத்துல ஓடுது, பாரோட மூக்குல வந்து சடார்னு திரும்புது, அந்த இடத்துல சாதாரண ஆயில் எல்லாம் தெறிச்சு வெளிய போயிடும். பார் ஆயில்ல ஒட்டுற தன்மைக்குனே ஒரு பொருள் கலந்திருக்காங்க, ரெண்டு விரல்ல தொட்டு மெதுவா பிரிச்சுப் பாருங்க, நூல் மாதிரி இழுக்கும். அந்த நூல்தான் மூக்கைத் தாண்டி அடிப்பக்கம் வரைக்கும் ஆயிலைக் கொண்டு போகுது. மரம் அறுபடுறது அடிப்பக்கத்துலதான், அழுத்தமும் சூடும் அங்கதான்.

பார் ஆயில் கையில இல்லாம வேலை நிக்குதுன்னா புது இன்ஜின் ஆயிலை தற்காலிகமா ஊத்தலாம், சீக்கிரம் தெறிச்சுடும்ங்கிறதால அளவைக் கொஞ்சம் கூட்டி வைச்சு அடிக்கடி பார்த்துக்கணும்.

வண்டியில இருந்து வடிச்ச பழைய ஆயில் மட்டும் வேண்டவே வேண்டாம். இது கருப்பா இருக்கிறதுக்குக் காரணமே அதுல கலந்திருக்கிற கரியும் தேய்ஞ்ச இரும்புத் துகளும்தான், அது பம்பையும் காடியையும் அராவும். அதை விட முக்கியம், இந்த ஆயில் எங்கயோ ஒரு மூடின இடத்துல சுத்தல, தூளோட தூளா பறந்து உங்க கையிலயும் முகத்துலயும் மூச்சுலயும் படுது, பழைய இன்ஜின் ஆயில்ல புத்துநோய் உண்டாக்குற பொருள் இருக்கு. மிச்சம் பிடிக்கிறோம்னு பண்ற இந்த வேலையை தயவு செஞ்சு விட்டுடுங்க.

தாவர எண்ணெய்ல செய்ற பார் ஆயிலும் கிடைக்குது, தண்ணி ஓடுற இடத்துக்கிட்ட, விவசாய நிலத்துல வேலை செய்றவங்களுக்கு அது நல்லது, மண்ணுல மக்கிடும். ஒரே சிக்கல், மெஷினை ரொம்ப நாள் சும்மா வைச்சா அது பிசின் மாதிரி கெட்டியாகி செயினை இறுக்கிப் பிடிச்சுக்கும். சமையல் எண்ணெயை நேரா ஊத்தினா இது இன்னும் சீக்கிரம் நடக்கும், அதுல இதைத் தடுக்கிற மருந்து எதுவும் கலக்கல.

குளிர் அதிகமான இடத்துல இளகலான ஆயில், வெயில் காலத்துல கொஞ்சம் கெட்டி ஆயில். கெட்டி ஆயில் குளிர்ல பம்புல ஏறாது.

3. கழட்டி சுத்தம் பண்றது

செயின் பிரேக்கை ரிலீஸ் பண்ணிட்டு, அதாவது முன்பக்க கார்டை உங்க பக்கமா இழுத்துட்டு, அப்புறம் மூடியோட நட்டைக் கழட்டுங்க. சில மெஷின்ல பிரேக் பட்டை அந்த மூடிக்குள்ளயே இருக்கு, பிரேக் பிடிச்ச நிலையில கழட்டிட்டா திரும்ப மாட்டும்போது கிளட்ச் டிரம் மேல உக்காராது, புதுசா வர்றவங்க இங்க அரை மணி நேரம் மல்லுக்கட்டுவாங்க.

மூடியைத் திறந்ததும் உள்ள ஆயில் ஊறின தூள் கட்டி கட்டியா இருக்கும். அத்தனையையும் பிரஷ்ஷால எடுங்க. செயினை ஓட்டுற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைச் சுத்தி, பிரேக் பட்டை ஓரம், முக்கியமா பார் உக்கார்ற இடத்துல மெஷின் உடம்புல இருக்கிற ஆயில் வர்ற சின்ன துளை. இந்த தூள் கட்டி சும்மா அழுக்கு இல்ல, பம்பு தர்ற ஆயிலை பாருக்குப் போக விடாம அதுவே குடிச்சுக்கும். ஆயில் வரலன்னு கொண்டு வர்ற மெஷின்கள்ல இதை எடுத்தாலே பாதி சரியாயிடும்.

அடுத்து பார். காடிக்குள்ள பிளேடை விட்டு ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் இழுங்க. உள்ள இறுகிப் போயிருக்கிற கருப்பு தூள் பட்டையா பேந்து வரும், காடியோட அடி வரைக்கும் போகணும், மேலாக்க சுரண்டினா போதாது. ஏன்னா டிரைவ் லிங்கோட கீழ்முனை அந்தக் காடிக்குள்ளதான் ஓடுது, கொக்கி மாதிரி இருக்கிற அந்த முனைதான் ஆயிலை அள்ளிக்கிட்டு போகும், அடியில தூள் கெட்டியா கிடந்தா ஆயிலுக்கு இடமே இல்ல.

பாரோட பின்பக்கம் ரெண்டு ஆயில் ஓட்டை இருக்கும், மேல ஒண்ணு கீழ ஒண்ணு. மெல்லிய கம்பியை விட்டு காடிக்குள்ள வெளிய வருதானு பாருங்க. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா ஓட்டை வழியா வெளிச்சம் தெரியணும். ரெண்டையும் பண்ணுங்க, ஏன்னா அடுத்த தடவை பாரைத் திருப்பிப் போடும்போது இன்னொண்ணு வேலைக்கு வரும்.

செயின்ல பிசின் ஒட்டியிருந்தா பிசின் கரைக்கிற ஸ்பிரே, இல்ல மண்ணெண்ணெய்ல ஊற வைச்சு பிரஷ் போடுங்க, நெருப்பு பக்கத்துல இல்லாம வெளிய காத்தோட்டமா வைச்சு செய்ங்க. கழுவினதும் துடைச்சு, பார் ஆயில்ல முக்கி வைங்க, கழுவின செயின்ல ரிவிட்டுக்குள்ள இருந்த ஆயிலும் போயிருக்கும். தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, ரிவிட்டுக்குள்ள துரு பிடிக்கும்.

4. பாரை சோதிக்கிறது

ரெண்டு தண்டவாளம் மாதிரி இருக்கிற பாரோட விளிம்புல நகத்தை வெளிப்பக்கமா இழுத்துப் பாருங்க. நகம் மாட்டினா பிசிறு வந்திருக்குனு அர்த்தம். செயின் அழுத்தி ஓடுறதுல விளிம்பு இரும்பு வெளிய மடங்கி நிக்குது. தட்டை அரத்தை பாரோட பக்கத்துல படுக்க வைச்சு அதை ராவி எடுங்க. விட்டா ஒரு நாள் துண்டா பேந்து வரும், விளிம்புல பள்ளம் விழுந்திடும்.

அப்புறம் உயரம். பாரை கண்ணாடி இல்ல சமமான இரும்புத் தட்டு மேல நிக்க வைங்க, விளிம்பு கீழ இருக்கிற மாதிரி. நேரா நிக்கணும். ஒரு பக்கம் சாய்ஞ்சா ஒரு விளிம்பு மத்ததை விட தேய்ஞ்சிருக்கு. இப்படி இருக்கிற பார்ல எவ்வளவு நல்லா தீட்டின செயினைப் போட்டாலும் அறுப்பு ஒரு பக்கமா வளைஞ்சுதான் போகும். கொஞ்சமா வித்தியாசம்னா தட்டை அரத்தை சரியா 90 டிகிரியில பிடிச்சு ரெண்டு விளிம்பையும் சமமாக்கலாம், இதுக்கு கைடு கிடைக்குது, கண் மட்டத்துல பண்றது கஷ்டம்.

காடி அகலமாயிடுச்சானு பார்க்க ஒரு சுலப வழி இருக்கு. செயின் மாட்டின நிலையில ஒரு ஸ்கேலை பல்லுக்கும் பாரோட பக்கத்துக்கும் சேர்த்து வைங்க. பாருக்கும் ஸ்கேலுக்கும் நடுவுல சின்ன இடைவெளி இருந்தா காடி நல்லா இருக்கு. செயின் சாய்ஞ்சு ஸ்கேல் பாரோட ஒட்டிக்கிட்டா காடி விரிஞ்சு போச்சு.

விளிம்புல எங்கயாவது நீல நிறம் பூத்திருக்கானும் பாருங்க. அந்த இடம் ரொம்ப சூடாகி இரும்போட உறுதி போயிருக்கு. ஆயில் பத்தாம ஓடினதுதான் வழக்கமான காரணம், இல்லன்னா விளிம்பு உள்பக்கமா நசுங்கி செயினைக் கவ்விப் பிடிச்சிருக்கும்.

கடைசியா, மாட்டும்போது பாரை தலைகீழா திருப்பிப் போடுங்க. தேய்மானம் அடிப்பக்கத்துல அதிகம், திருப்பித் திருப்பிப் போட்டா ரெண்டு பக்கமும் சமமா தேயும். எப்பன்னு ஞாபகம் வைச்சுக்க எளிய வழி, ஒவ்வொரு தடவை செயின் தீட்டும்போதும் திருப்பிடுங்க. பாரோட மேல இருக்கிற எழுத்து தலைகீழா தெரியும், அதனால தப்பா மாட்டிட்டோம்னு சிலர் பழையபடி மாத்திடறாங்க. எழுத்து எப்படி இருந்தாலும் ஒண்ணும் இல்ல.

5. மூக்கு ஸ்ப்ராக்கெட்டுக்கு கிரீஸ்

பாரோட மூக்குல பல்சக்கரம் இருந்தா அதைக் கையால சுத்திப் பாருங்க, கரகரன்னு இல்லாம ஓடணும், ரொம்ப ஆடவும் கூடாது. பக்கத்துல சின்ன ஓட்டை இருந்தா அது கிரீஸ் துளை. முதல்ல ஓட்டையையும் மூக்கையும் சுத்தமா துடைங்க, துடைக்காம கிரீஸ் கன்னை வைச்சா வெளிய இருக்கிற தூளை நீங்களே பேரிங்குக்குள்ள தள்ளுறீங்க. சக்கரத்தைச் சுத்திக்கிட்டே அடிங்க, ஓரத்துல பழைய கருப்பு கிரீஸ் வந்து முடிஞ்சு புதுசு எட்டிப் பார்க்கிற வரைக்கும்.

கிரீஸ் அடிக்க ஆரம்பிச்சா விடாம தொடர்ந்து அடிக்கணும், எப்பவோ ஒரு தடவை அடிச்சிட்டு விட்டா பழைய கிரீஸ் தூளோட சேர்ந்து உள்ளயே கெட்டியாகி ஆயிலையும் உள்ள விடாது. ஓட்டையே இல்லாத பார்னா செயின் ஆயில்லயே அது ஓடுற மாதிரி செஞ்சிருக்காங்க, நீங்களா ஓட்டை போட வேண்டாம்.

6. செயினைத் தீட்டுறது

ஆயில் பத்தி பேசும்போது இது எதுக்குனு தோணலாம். மழுங்கின பல்லு மரத்தை சீவாது, தேய்க்கும். தேய்ச்சா சூடு, சூட்டுல ஆயில் இளகித் தெறிக்கும், அதோட வர்ற தூளும் மாவு மாதிரி பொடியா வந்து காடியை அடைக்கும். எவ்வளவு ஆயில் ஊத்தினாலும் மழுங்கின செயினைக் காப்பாத்த முடியாது. தரையில விழுற தூளைப் பாருங்க, சீவல் சீவலா விழுந்தா கூர் இருக்கு, மாவா விழுந்தா நிறுத்திட்டுத் தீட்டுங்க. மெஷினை நீங்க அழுத்திப் பிடிச்சாத்தான் இறங்குதுன்னாலும் அதே அர்த்தம்.

பார் மேல செயின் இறுக்கமா இருக்கும்போது தீட்டுறது நல்லது, அதனால பாரையும் செயினையும் மாட்டிட்டு (அடுத்த பகுதியைப் பாருங்க) பிரேக்கைப் பிடிச்சு வைச்சு இதைச் செய்ங்க. பாரை வைஸ்ல பிடிச்சுட்டா இன்னும் வசதி.

இருக்கிறதுலயே குட்டையான பல்லைத் தேடி அதுல ஆரம்பிங்க, மத்த எல்லாத்தையும் அதோட நீளத்துக்குக் கொண்டு வரணும். ஒரு பக்கம் நீளம் ஒரு பக்கம் குட்டைன்னா அறுப்பு வளையும். அரம் பல்லோட உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா தள்ளும்போது மட்டும் படணும், திரும்ப இழுக்கும்போது தூக்கிடுங்க. பல்லோட மேல ஒரு சாய்ஞ்ச கோடு பொறிச்சிருப்பாங்க, பெரும்பாலும் 30 டிகிரி, சில செயின்ல 25 இல்ல 35, அந்தக் கோட்டுக்கு இணையா அரத்தைப் பிடிங்க. அரத்தோட குறுக்களவுல அஞ்சுல ஒரு பங்கு பல்லோட மேல் விளிம்புக்கு மேல தெரியணும், அதுக்கும் கீழ இறங்கிட்டா பல்லு கொக்கி மாதிரி வளைஞ்சு ரெண்டே அறுப்புல திரும்ப மழுங்கும். ஒவ்வொரு பல்லுக்கும் ரெண்டு மூணு இழுப்பு, எல்லாத்துக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கத்துப் பல்லு எல்லாம் முடிச்சிட்டு மறுபக்கம் போங்க.

பல்லுக்கு முன்னாடி இருக்கிற சின்ன திமிலு டெப்த் கேஜ், பல்லு எவ்வளவு ஆழம் கடிக்கணும்னு அதுதான் முடிவு பண்ணுது. பல்லு தேயத் தேய மேல் விளிம்பு தாழ்ந்துக்கிட்டே போகும், திமிலு அப்படியே நிக்கும், அப்புறம் எவ்வளவு கூரா இருந்தாலும் கடிக்காது. நாலஞ்சு தடவை தீட்டினதும் கேஜ் தட்டை வைச்சுப் பாருங்க, பொதுவா 0.65 மி.மீ. வித்தியாசம் இருக்கணும், தட்டுக்கு மேல நீட்டுறதை தட்டை அரத்தால எடுத்து முன்பக்க முனையை உருட்டி விடுங்க. வேகமா அறுக்கணும்னு இதை அளவுக்கு மேல ராவிடாதீங்க. அப்படி ராவின செயின் மரத்தைக் கவ்விப் பிடிக்கும், மூக்கு பட்டா மெஷின் உங்க பக்கமா எகிறுற ஆபத்து கூடும்.

முடிச்சதும் செயின்ல ஒட்டியிருக்கிற இரும்புத்தூளைத் துடைங்க.

7. மாட்டுறது, டென்ஷன்

பாரோட மேல்பக்கம் ஓடுற பல்லோட கூர் மூக்கைப் பார்த்து இருக்கணும். தலைகீழா மாட்டின செயின் மரத்தைத் தொட்டா புகைதான் வரும், அதைப் பார்த்துட்டு ஆயில் இல்லனு முடிவு பண்றவங்க நிறைய.

டென்ஷன் ஸ்க்ரூவோட பின் பாரோட சின்ன ஓட்டைக்குள்ள சரியா உக்காந்திருக்கானு பார்த்துட்டுத்தான் மூடியைப் போடுங்க. உக்காராம நட்டை இறுக்கினா பின் வளையும் இல்ல மூடி உடையும்.

நட்டை முதல்ல கையால மட்டும் இறுக்குங்க. பாரோட மூக்கை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே டென்ஷன் ஸ்க்ரூவைத் திருகுங்க, தூக்கின நிலையிலயே நட்டை முழுசா இறுக்குங்க. தூக்காம இறுக்கினா வேலையில பார் மேல தள்ளப்பட்டதும் அந்த ஆட்டம் எல்லாம் செயின்ல தொய்வா வந்து சேரும். புதுசா வர்றவங்களோட செயின் அடிக்கடி கழண்டு விழுறதுக்கு நான் பார்த்த வரைக்கும் முதல் காரணம் இதுதான்.

சரியா இருக்கானு எப்படித் தெரியும்? அடிப்பக்கம் செயின் தொங்காம பாரோட ஒட்டி இருக்கணும், பிரேக்கை ரிலீஸ் பண்ணிட்டு கையால இழுத்தா தாராளமா ஓடணும். ரெண்டும் சேர்ந்து இருந்தாத்தான் சரி. ரொம்ப இறுக்கினா ஆயில் படலம் நசுங்கிடும், மூக்கு பேரிங்கும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்து தேயும்.

புது செயின்னா மாட்டுறதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்க பார் ஆயில்ல ஊற வைங்க, ரிவிட் இடுக்கு வரைக்கும் ஆயில் இறங்கட்டும். முதல்ல கொஞ்ச நேரம் பாரம் இல்லாம ஓட விட்டு, லேசான கிளை அறுத்து, டென்ஷனைத் திரும்பத் திரும்பப் பாருங்க. புது செயின் முதல் நாள் வேகமா நீளும்.

8. ஆயில் ஊத்தி சோதனை

மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி அதைச் சுத்தி இருக்கிற தூளை ஊதி, துடைச்சுடுங்க. டேங்க்குக்குள்ள விழுற ஒரு சிட்டிகை தூள்தான் பின்னாடி ஃபில்டரை அடைக்கும். ஆயில் மூடி எது பெட்ரோல் மூடி எதுனு படத்தைப் பார்த்து ஊத்துங்க.

கழட்டி வைச்ச பிளக் கேப்பையோ பேட்டரியையோ திரும்ப மாட்டி, கண்ணாடி, கிளவுஸ் எல்லாம் போட்டுக்கிட்டு மெஷினை ஸ்டார்ட் பண்ணுங்க. வெள்ளையா ஏதாவது ஒரு பரப்பு, அட்டையோ புதுசா அறுத்த மரத்தோட முகமோ, அதுக்கு நேரா மூக்கை 20 செ.மீ. தள்ளி பிடிங்க, எதுலயும் படக்கூடாது. முக்கால் த்ராட்டில்ல ஓட விடுங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள அட்டையில மெல்லிசா ஒரு ஆயில் கோடு விழணும். கோடு விழுந்தா டேங்க்ல இருந்து மூக்கு வரைக்கும் பாதை திறந்திருக்கு.

ஆஃப் பண்ணிட்டு டிரைவ் லிங்கையும் பாருங்க, ஈரமா பளபளன்னு இருக்கணும்.

அளவை மாத்துற ஸ்க்ரூ இருக்கிற மெஷின்ல அது பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும், ஆஃப் பண்ணிட்டுத் திருகுங்க. நீளமான பார், காய்ஞ்ச கட்டை மரம்னா கூட்டுங்க, குட்டை பார், ஈர மரம்னா குறைக்கலாம். சின்ன மெஷின்கள்ல ஸ்க்ரூவே இருக்காது.

9. கோடு விழலன்னா

இங்க பொறுமையா ஒவ்வொரு இடமா போகணும். பம்பைக் கழட்டுறது கடைசி, ஆனா எல்லாரும் முதல்ல சந்தேகப்படுறது அதைத்தான்.

முதல்ல மூடி, பார் ரெண்டையும் கழட்டிட்டு, மெஷினோட ஆயில் துளைகிட்ட துடைச்சிட்டு, அங்க ஆயில் வருதானு பாருங்க. நிறைய மெஷின்ல கிளட்ச் டிரம் சுத்தினாத்தான் பம்பு ஓடும், அப்படிப்பட்ட மெஷினை பார் இல்லாம ஓட விடலாமானு மெஷினோட கையேட்டுல பார்த்துக்குங்க, அனுமதி இல்லன்னா இந்தச் சோதனையை சர்வீஸ் ஆள்கிட்ட விடுங்க. துளையில ஆயில் வந்தா பம்பு நல்லா இருக்கு, அடைப்பு பார்லதான். மூணாவது பகுதிக்குத் திரும்பிப் போங்க. சில சமயம் பாரோட ஓட்டை மெஷின் துளைக்கு நேரா இருக்காது, வேற மாடலோட பாரை மாட்டியிருப்பாங்க, ஆயில் எல்லாம் கீழ வழிஞ்சு போகும்.

துளையிலயே வரலன்னா ஆயில் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைச்சு திரும்பப் பாருங்க. இப்ப வந்தா டேங்க்குக்குக் காத்து போற வழி அடைச்சிருக்கு. ஆயில் வெளிய போகப் போக உள்ள காத்து வரணும், வரலன்னா வெற்றிடம் உண்டாகி பம்பால இழுக்க முடியாது. மெஷின் ஓட ஆரம்பிச்சதும் நல்லா வந்து அப்புறம் நின்னு போகுதுன்னா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும். அந்தக் காத்து துளையைச் சுத்தம் பண்ணினா முடிஞ்சது.

அதுவும் இல்லன்னா டேங்க்குக்குள்ள ஹோஸ் முனையில தொங்குற ஃபில்டரை கம்பி கொக்கியால வெளிய இழுங்க. சேறு மாதிரி படிஞ்சிருந்தா கழுவுங்க இல்ல மாத்துங்க, டேங்க்கையும் ஒரு தடவை அலசி விடுங்க. ஹோஸ்ல வெடிப்பு இருந்தா காத்தைத்தான் இழுக்கும். இவ்வளவும் சரியா இருந்தும் வரலன்னா அப்பத்தான் பம்பு, இல்ல அதை ஓட்டுற பல்சக்கரம். பிளாஸ்டிக் சக்கரம் தேய்ஞ்சு போறது உண்டு.

ஆயில் வருது ஆனா டேங்க் சீக்கிரமே காலியாகுது, மெஷின் அடியில குளமா நிக்குதுன்னா பார் இறுக்கமா உக்காரல, இல்ல ஹோஸ்ல கசிவு. வேலை செய்யாம வைச்ச மெஷின்ல இருந்து கொஞ்சம் ஆயில் சொட்டுறது வேற விஷயம், பேட்டரி மெஷின்கள்ல கூட இது சகஜம், கீழ ஒரு தட்டு வைங்க.

10. வேலை நடக்கும்போது

பெட்ரோல் ஊத்துற ஒவ்வொரு தடவையும் ஆயிலும் ஊத்துங்க, ஒண்ணை மட்டும் ஊத்துற பழக்கம் வேண்டாம். பெட்ரோல் முடியும்போது ஆயில் டேங்க்ல கொஞ்சம் மிச்சம் இருக்கிற மாதிரிதான் அளவு வைச்சிருக்காங்க. அதனால அந்த நேரத்துல மிச்சத்தைப் பாருங்க: கிட்டத்தட்ட முழுசா இருந்தா ஆயில் போகவே இல்ல, வேலையை நிறுத்துங்க. வறண்டு போயிருந்தா அளவு ஜாஸ்தி இல்ல கசிவு. பேட்டரி மெஷின்ல இந்தக் கணக்கு வராது, பேட்டரி மாத்தும்போது எல்லாம் ஆயில் கண்ணாடியைப் பாருங்க.

செயின் சூடானா நீளும், நடுவுல டென்ஷனைச் சரி பண்ண வேண்டி வரும். சூட்டோட இறுக்கியிருந்தா வேலை முடிஞ்சதும் கட்டாயம் தளர்த்திடுங்க. ஆறினதும் செயின் சுருங்கும், அந்த இழுப்பு முழுசும் கிரான்க் ஷாஃப்ட், பேரிங், பார் மேல விழும்.

மண்ணுல பல்லு பட்டுட்டா, ஒரு நொடி பட்டாக்கூட, அதோட தொடராம தீட்டிடுங்க. கீழ கிடக்கிற கட்டையை அறுக்கும்போது அடியில ஒரு துண்டு கட்டை வைச்சுத் தூக்கிக்குங்க.

11. எப்ப மாத்துறது

பல்லோட மேல் தகடு 4 மி.மீ.க்கு வந்துட்டா, இல்ல அதுல பொறிச்சிருக்கிற அடையாளக் கோட்டைத் தொட்டுட்டா அந்த செயின் போதும். ஏதாவது ஒரு லிங்க்ல வெடிப்பு, ரிவிட் ஆட்டம் தெரிஞ்சா பல்லு எவ்வளவு மிச்சம் இருந்தாலும் எடுத்துடுங்க.

ஸ்ப்ராக்கெட்டுல செயின் உக்கார்ற இடத்துல அரை மி.மீ. ஆழத்துக்கு பள்ளம் விழுந்தா மாத்துங்க, ரெண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட்னு பொதுவா ஒரு கணக்கு. தேய்ஞ்ச ஸ்ப்ராக்கெட்ல புது செயினைப் போட்டா பிட்ச் பொருந்தாம புது செயினும் சீக்கிரம் வீணாகும். மாத்தும்போது உள்ள இருக்கிற நீடில் பேரிங்குக்கும் கொஞ்சம் கிரீஸ் வைங்க, அதை எல்லாரும் மறந்துடறாங்க. பாரைப் பொறுத்தவரை காடி ஆழம் குறைஞ்சு டிரைவ் லிங்கோட முனை அடியில இடிக்க ஆரம்பிச்சா அதுக்கு மேல ராவி பிரயோஜனம் இல்ல.

12. ரொம்ப நாள் எடுக்காம வைக்கும்போது

ஆயில் டேங்க்கைக் காலி பண்ணுங்க, தாவர ஆயில்னா கட்டாயம். பார், செயின் ரெண்டையும் கழட்டி சுத்தம் பண்ணி, செயினை ஒரு டப்பாவுல பார் ஆயில் விட்டு மூடி வைங்க, பார் மேல ஆயில் தடவி காய்ஞ்ச இடத்துல வைங்க. கழட்ட நேரம் இல்லன்னா டென்ஷனையாவது தளர்த்தி, காடி முழுக்க ஆயில் விட்டு, கவரைப் போட்டு வைங்க.

திரும்ப எடுக்கிற அன்னைக்கு பழைய ஆயில் பிசுபிசுன்னு இருக்கானு ஃபில்டரைத் தொட்டுப் பாருங்க, செயினை கிளவுஸ் போட்ட கையால ஒரு சுத்து முழுசா இழுத்து மடங்காத லிங்க் ஏதாவது இருக்கானு பார்த்துட்டு, புது ஆயில் ஊத்தி அட்டை சோதனையை முடிச்ச அப்புறமா மரத்துக்கிட்ட கொண்டு போங்க.